வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு பூதம்

1953-ஆம் வருஷம் ஜூன் 2-ந் தேதி எலிஸபெத் ராணிக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் முடிசூட்டு விழா நடந்தது. அதைப் பார்ப்பதற்காகவே ஏராளமான ஆங்கிலேயர்கள் டெலிவிஷன் பெட்டி வாங்கினார்கள். வாங்க முடியாதவர்கள் அண்டை வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். இரண்டு கோடிப் பேருக்கு மேல் பார்த்ததாகக் கணக்கு.

விழா முடிந்தது. பெட்டி மட்டும் கூடத்தில் நின்றுவிட்டது. கடன்பட்டு வாங்கிய சாமானைத் துணி போர்த்தி மூடி வைக்க யாருக்கு மனம் வரும்? அந்த நாளில் அங்கே இருந்தது பி.பி.சி. ஒன்றுதான். அவர்கள் காட்டியதைப் பார்க்க வேண்டும், அல்லது எழுந்து போய்ப் படுக்க வேண்டும்.

ஜூலை 18-ந் தேதி சனிக்கிழமை இரவு அவர்கள் காட்டத் தொடங்கியது, 'க்வாடர்மாஸ் பரிசோதனை' என்ற ஆறு வார நாடகம். எழுதியவர் நைஜல் நீல். நடத்தியவர் வியன்னாவில் பிறந்து, ஹிட்லர் காலத்தில் இங்கிலாந்து வந்து சேர்ந்த ருடால்ஃப் கார்ட்டியர். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வானத்துக்குப் போன ராக்கெட் திரும்பி வந்து விழுகிறது. உள்ளே ஒருவன்தான் இருக்கிறான். மற்ற இருவரின் உடைகள் இருக்கின்றன, ஆட்கள் இல்லை! எஞ்சியவன் வாரத்துக்கு வாரம் மனித உருவம் இழந்து, செடியும் பிராணியுமான ஏதோ ஒன்றாக மாறுகிறான்.

ஸ்புட்னிக் பறந்தது 1957-இல். ககாரின் போனது 1961-இல். ஆகவே 1953-இல் இந்தக் கதையைப் பார்த்தவர்களுக்கு வான யாத்திரை என்பது வெறும் கற்பனை. கற்பனைக்கா அவ்வளவு பயந்தார்கள்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீல் தம் ராக்கெட்டை எங்கே விழச் செய்தார் பாருங்கள்: செவ்வாய் கிரகத்தில் அல்ல, லண்டனில் விம்பிள்டன் பகுதியில், ஒரு வீட்டின் மேல். 1944-லிலும் 45-லிலும் ஜெர்மானிய ராக்கெட்டுகள் லண்டன் வீடுகளின் மேல் நிஜமாகவே விழுந்தன. இடிந்த சுவரும், புழுதியும், வேடிக்கை பார்க்கக் கூடிய அக்கம்பக்கத்தாரும் அவர்களுக்குப் புதிய காட்சி அல்ல.

கடைசி வாரத்தில் அந்த ஜந்து எங்கே போய் ஒண்டுகிறது? அதே வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில்! அதுவும் எப்படி? கட்டடத்தின் சிறப்பைக் காட்ட டெலிவிஷன்காரர்கள் உள்ளே காமிராவைத் திருப்பும்போது, அது கண்ணில் படுகிறதாம். பதினொரு வாரத்துக்கு முன்னால் இதே பெட்டி, இதே இடத்தில், ராணியின் தலையில் கிரீடம் ஏறுவதைக் காட்டியிருந்தது. அது நிஜம், இது நாடகம் என்று புத்தி சொல்லும், வயிறு கேட்குமா? பெட்டி வீட்டுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லையே!

பூதமோ, நீலின் சொந்தக் கைகள்தான். கையுறையில் இலையும் தழையுமாக ஒட்டி, தேவாலயத்தின் பெரிய புகைப்படம் ஒன்றில் துளையிட்டு, அதன் வழியே கைகளை நீட்டி ஆட்டினார். நம் பொம்மலாட்டக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

1955-இல் வந்த சினிமாவில் ஜந்துவை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். டெலிவிஷனில் அப்படியில்லை. அதற்குள் கரைந்துபோன மூன்று மனிதர்களையும் க்வாடர்மாஸ் கூப்பிடுகிறார். நீங்கள் மனிதர்கள், அதை எதிர்த்து நில்லுங்கள் என்று மன்றாடுகிறார். அவர்கள் கேட்கிறார்கள், ஜந்து மடிகிறது. எனக்கு இந்த முடிவுதான் உசத்தி.

ஆனால் அதை இப்போது யாரும் பார்க்க முடியாது. நாடகம் நேரடியாக நடித்து ஒளிபரப்பானது. முதல் இரண்டு வாரங்களை மட்டும், திரைக்கு எதிரே சினிமாக் காமிராவை வைத்துப் படமெடுத்தார்கள். படம் தெளிவாக இல்லையென்று நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் வாரப் படத்தில், காட்சிக்கு நடுவே, திரைமேல் உட்கார்ந்த பூச்சி ஒன்றும் பதிவாகியிருக்கிறது. அது இன்னும் இருக்கிறது, பூதம் இல்லை.