காலந்தாழ்ந்து வெளிப்படும் விபத்துக் காயங்கள்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

மோட்டார் வாகன விபத்தில் சிக்கியவர் தம் காலாலேயே நடந்து வெளியே வந்து, ரத்தக் காயமும் இல்லாதிருந்தால், அவர் தப்பிவிட்டார் என்று உடனிருப்போரும் பெரும்பாலும் அவருமே முடிவுகட்டிவிடுகின்றனர். ஆனால் மோதலின் விசையை உடல் வாங்கிக்கொள்ளும் கணமும், அதன் விளைவு வலியாகவோ மயக்கமாகவோ வெளிப்படும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் முதல் பல வாரங்கள் வரை கழிந்தபின் தோன்றும் குறிகளே தாமத அறிகுறிகள் எனப்படுகின்றன. இந்த இடைவெளியை உடலின் இயல்பாக மட்டும் கொள்வது போதாது. உள்ளே காயம் மெல்ல முற்றுவதால் நேரும் தாமதம் ஒன்று. வலியை உணர்ந்தவர் அதை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்வதால் நேரும் தாமதம் மற்றொன்று. சொன்ன பிறகும் உரிய கருவியும் மருத்துவரும் உள்ள இடத்தை எட்ட ஆகும் தாமதம் வேறொன்று. மருத்துவக் குறிப்பில் மூன்றும் ஒரே பெயரில் பதிவாகிவிடுகின்றன. மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் சாலையையும் வேலை ஒழுங்கையும் கருத்தில் கொண்டால், முதல் வகையின் கணக்கில் எழுதப்படுவனவற்றுள் ஒரு பகுதி உண்மையில் பின்னிரண்டு வகைகளைச் சேர்ந்தது என்று கொள்ள வலுவான காரணங்கள் உள்ளன.

1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு சொன்ன இம்மலையில், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ என்ற தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் தோன்றியது. காட்டை அழித்துச் சரிவுகளில் செடி நட்டதில் தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு பெரிது. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பழைய சாலையும், சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு வரும் புதிய சாலையுமே பேராக் மாநிலப் பக்கத்திலிருந்து மலைக்கு வரும் முக்கிய வழிகள். 2010 டிசம்பர் 20 அன்று சிம்பாங் பூலாய்ச் சாலையில் தாய்லாந்துச் சுற்றுலாப் பயணிகளுடன் இறங்கிய பேருந்து கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டது நாடறிந்த செய்தி. ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்க தோட்டத்துச் சாலையில் ஒரு லேண்ட் ரோவர் பின்னோக்கி உருண்டு சாலையோரக் கானில் சாய்வதோ, மழைச் சேற்றில் வழுக்கி மண்சுவரில் முட்டுவதோ செய்தியாவதில்லை. எல்லோரும் இறங்கி, வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, வேலைக்குப் போய்விடுகின்றனர். தாமத அறிகுறிகள் பற்றிய ஆய்வுக்கு உரியது இந்த இரண்டாவது வகை விபத்தே.

அந்த வண்டியின் அமைப்பும் கவனத்துக்குரியது. கேமரன் மலையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேண்ட் ரோவர்களில் பின்புறம் ஆட்கள் எதிரெதிராகப் பக்கவாட்டுப் பலகைகளில் அமர்வது வழக்கம். தலைசாய்ப்பு இல்லை, பெரும்பாலும் இடுப்புப்பட்டையும் இல்லை. 2009 ஜனவரி முதல் பின்னிருக்கைக்கும் பட்டை கட்டாயமாக்கப்பட்டது, முன்னோக்கிய இருக்கைகள் கொண்ட காரை மனத்தில் வைத்து எழுந்த சீர்திருத்தம். பலகையில் பக்கவாட்டாக அமர்ந்தவருக்கு, வண்டி முன்னால் முட்டும்போது கழுத்து முன்பின்னாக அன்றிப் பக்கவாட்டில் மடங்குகிறது. விலாவில் அடுத்தவரின் முழங்கையோ மருந்துத் தெளிப்பானின் விளிம்போ இடிக்கிறது. ஆகவே கார் விபத்துக்கு என்று எழுதப்பட்ட அறிகுறிப் பட்டியலை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்துவது சரிவராது.

கழுத்திலிருந்து தொடங்கலாம். 1928-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹரால்ட் குரோ சவுக்கடிக் காயம் என்ற பெயரை வழக்கில் கொண்டுவந்தார்: உடல் ஒரு திசையில் தள்ளப்பட, தலை பின்தங்கிச் சுண்டி இழுக்கப்படுவதால் கழுத்தெலும்புகளை இணைக்கும் சிறு மூட்டுகளும் தசைநார்களும் நைந்துபோவது அது. நைந்த திசுவில் நீர் கோத்து வீங்க நேரமாவதாலும், அதிர்ச்சியில் சுரக்கும் அட்ரினலின் வலியுணர்வை மழுக்கிவிடுவதாலும், மறுநாள் காலையில்தான் கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்பது பலருக்குத் தெரியவருகிறது. இவ்விடத்தில் பொதுநம்பிக்கைக்கு மாறான ஒரு செய்தி உண்டு. கனடாவில் இயன் ஸ்டீல் குழுவினர் 2001-இல் வெளியிட்ட, யாருக்குக் கழுத்து எக்ஸ்ரே தேவை என்று தீர்மானிக்கும் விதிமுறையில், தாமதமாகத் தொடங்கும் கழுத்துவலி அபாயம் குறைவு என்பதைக் காட்டும் குறிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. வயது 65 அல்லது அதற்கு மேல் இருத்தல், கைகால்களில் மதமதப்பு, வண்டி குட்டிக்கரணம் அடித்திருத்தல் போன்றவையே படம் எடுப்பதைக் கட்டாயமாக்குபவை. தாமதம் என்பதே அச்சத்துக்குரியது என்று பிரசாரம் செய்யும் விழிப்புணர்வு ஏடுகள் இதைச் சொல்லாமல் விடுவது வருந்தத்தக்கது. மறுநாள் வந்த கழுத்துவலியைவிட, சரிவில் உருண்ட வண்டியிலிருந்து வலியே இல்லாமல் இறங்கியவரின் விரல் நுனி மரத்திருப்பது அதிக அவசரம்.

மண்ணீரலின் கதை இன்னும் நீளமானது. இடப்பக்க விலாவுக்கு அடியில் ரத்தம் நிறைந்து கிடக்கும் இவ்வுறுப்பு அடிபட்டால், மேலுறைக்குள்ளேயே ரத்தம் தேங்கிப் பல மணி நேரமோ சில நாள்களோ கழித்து உறை கிழிந்து வயிற்றுக்குள் கொட்டக்கூடும்; போதே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1907-இல் இதற்கு 48 மணி நேர வரம்பு வகுத்தார். இடத்தோளில் காரணமில்லாமல் வலி, எழுந்து நின்றால் தலைச்சுற்றல், முகம் வெளிறுதல், நாடி விரைதல் ஆகியவை அதன் அடையாளங்கள். தோள்வலி வருவதன் காரணம், வயிற்றில் தேங்கும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதும் அதன் நரம்பு தோளின் நரம்புகளோடு ஒரே தண்டுவடப் பகுதியில் சேர்வதும் ஆகும். சி.டி. ஸ்கேன் பரவிய பிறகு, தாமதமாக வெடித்தவை என்று எண்ணப்பட்டவற்றுள் பல முதல் நாளிலேயே சிதைந்திருந்தவை என்பதும், தாமதமானது கண்டறிதலே என்பதும் தெளிவாகிவிட்டன.

காலனிய வரலாறு இந்த உறுப்பைப் பற்றி மருத்துவ நூல் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. மலேரியாவால் வீங்கிய மண்ணீரல் சிறிய அடிக்கும் கிழியும் என்பது பிரிட்டிஷ் இந்தியாவில் தற்காப்பு வாதமாகவே பயன்பட்டது. வேலைக்காரர்களையும் தோட்டக் கூலிகளையும் அடித்துக் கொன்ற துரைமார், சாவுக்குக் காரணம் அடியன்று, நோயுற்ற மண்ணீரலே என்று வாதிட்டுச் சொற்பத் தண்டனையோடு தப்பினர். ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் தம் குதிரைக்காரரை அடித்து, அவர் மண்ணீரல் கிழிந்து இறந்த வழக்கில் 30 ரூபாய் அபராதமே விதிக்கப்பட்டதும், 1876-இல் வைஸ்ராய் லிட்டன் அதைக் கண்டித்ததும் பதிவானவை. காயத்துக்கும் விளைவுக்கும் நடுவே எது புகுந்தாலும், அது நோயாயினும் நாள்களாயினும், காரணம் யாருடையது என்ற கேள்வி மழுங்கிவிடுகிறது. அந்த மழுங்கல் ஒருபோதும் கூலிக்காரருக்குச் சாதகமாக அமைந்ததில்லை. தாமத அறிகுறியை அடையாளம் காண்பது உயிர் காப்பதோடு முடிவதில்லை, காரணத்தை நிறுவுவதுமாகும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று தேவையில்லை.

தலைக்காயத்தில் நேரம் இருவகையாக இயங்குகிறது. மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே தமனி கிழிந்து ரத்தம் தேங்கும்போது, முதலில் மயங்கியவர் தெளிந்து, சாதாரணமாகப் பேசி, பின்னர் சில மணி நேரத்தில் மீண்டும் நினைவிழக்கக்கூடும். 2009 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாநிலத்திலுள்ள மோன் திரெம்ப்ளான் மலையில் பனிச்சறுக்கில் விழுந்த நடிகை நட்டாஷா ரிச்சர்ட்சன், நலமாகப் பேசி, வந்த ஆம்புலன்ஸ் திரும்பிச் சென்றபின் நிலைகுலைந்து, வேறொரு மருத்துவமனை வழியாக மாண்ட்ரியலுக்குக் கொண்டுபோகப்பட்டு, விழுந்து இரண்டு நாள் கழித்து இறந்தார். அது வாகன விபத்தன்று. எனினும் மலை, தெளிந்த இடைவெளி, நகரத்துக்கான தூரம் ஆகிய மூன்றும் சேரும் விதத்தில் அது கேமரன் மலைக்கு மிக அருகிலுள்ள உதாரணம். தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை மாவட்ட அளவிலானது. பெரிய அறுவைக்கு ஈப்போவின் ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைக்கு இறங்க வேண்டியுள்ளது. பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம் வரை வாகனங்கள் நின்றுவிடும் நாளில், அந்தப் பயணத்தின் நீளம் கிலோமீட்டரால் அளக்கத்தக்கதன்று.

மற்ற வகை மெதுவானது. மூளையின் மேல் உறைகளுக்கு இடையே நுண்சிரைகள் கசிந்து, மூன்று வாரம் அல்லது அதற்கும் மேலான காலத்தில் ரத்தம் சேர்வது, முதியோரிடமும் நீண்டகாலம் மது அருந்துவோரிடமும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போரிடமும் அதிகம். இதன் முகம் விபத்துபோல இருப்பதில்லை: நடை தள்ளாடும், பேச்சு குழறும், நேற்றுச் சொன்னது நினைவிருக்காது, கோபம் மிகும். சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்து அழிந்தோர் பற்றிய நினைவு இன்னும் மறையாத லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), இக்குறிகளுக்குக் குடியென்றோ வயதென்றோ ஒரு விளக்கம் எப்போதும் தயாராக இருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன் லேண்ட் ரோவர் சாய்ந்தது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. மூன்று தாமதங்களுள் இரண்டாவது எவ்வளவு எளிதாக முதலாவதின் வேடம் பூணுகிறது என்பதற்கு இது தக்க இடம்.

வயிறு, கருப்பை, நுரையீரல் ஆகியவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். பட்டை அழுத்திய கோடு வயிற்றில் சிவந்திருந்து, ஓரிரு நாளில் வீக்கமும் வாந்தியும் காய்ச்சலும் தொடங்கினால் குடல் கிழிவை எண்ண வேண்டும். கருவுற்றிருப்பவருக்கு, தமக்கு ஒரு கீறலும் இல்லாதபோதே நஞ்சுக்கொடி பிரியக்கூடும் என்பதால், குறைந்தது நான்கு மணி நேரமாவது கருவின் இதயத்துடிப்பைக் கண்காணிப்பது வழக்கம். வயிறு கல்போல இறுகுதல், ரத்தக்கசிவு, குழந்தை அசைவு குறைதல் ஆகியவற்றுக்குக் காத்திருத்தல் கூடாது. தொடையெலும்பு முறிந்தவருக்கு ஒன்று முதல் மூன்று நாளில் மூச்சுத்திணறலும் மனக்குழப்பமும் நேர்ந்தால், எலும்பு மச்சையின் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்திருக்கலாம்.

இக்குறிகளை யார் காண்பது என்பதே அடுத்த கேள்வி. நோயாளியே தம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. மூளையில் ரத்தம் தேங்குபவர் தம் குழப்பத்தைத் தாமே உணர்வார் என்ற பொருந்தாத எதிர்பார்ப்பு அதில் அடங்கியுள்ளது. தோட்டத்திலோ, ஒருவரின் உடல் நாள்தோறும் பிறர் கண்ணில் படும் இடங்கள் முன்பிருந்தே உண்டு. விடியலில் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு நிற்கும்போது யார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறார் என்பது மேற்பார்வையாளரான மண்டோருக்குத் தெரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நேற்றுவரை நிறைந்து வந்த கூடை இன்று பாதியாக வருவதும், கொழுந்து வெட்டும் கத்தரியை இரு கையாலும் இயக்கியவர் இடக்கையை உடம்போடு ஒட்டிவைத்திருப்பதும் எழுத்தரான கிராணியின் கணக்கிலும் கண்ணிலும் விழும். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்து உறங்குவதும், விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதென்று எரிந்துவிழுவதும் வீட்டாருக்கே தெரியும். 1965-ஆம் ஆண்டின் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் அங்கீகரித்த, மக்கள் டிரசர் என்று அழைத்துவந்த பணியாளர், இத்தகவல்கள் எல்லாம் வந்து சேரும் புள்ளியாக இருந்தார். தோட்ட மருந்தகங்கள் சுருங்கி அரசு கிளினிக்குகள் பெருகியதால் சிகிச்சையின் தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் ஒரே ஆளை மூன்று நாள் தொடர்ந்து பார்க்கும் கண் அதனால் கிடைத்துவிடவில்லை. அந்த இடைவெளியில் சுளுக்கு உருவிவிடுபவர் நுழைகிறார். தசைப்பிடிப்புக்கு அவர் கைப்பக்குவம் இதம் தரலாம். விபத்துக்குப் பின் வலிக்கும் கழுத்தை வெடுக்கென்று திருப்புவதோ, உட்சுவர் கிழிந்திருக்கும் கழுத்துத் தமனியில் உறைந்த ரத்தத்தைப் பெயர்த்து மூளைக்கு அனுப்பிப் பக்கவாதத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். ஒருபக்கக் கழுத்துவலியோடு அப்பக்கத்து இமை தொங்கினால் உருவலுக்கு இடமே இல்லை.

வலியைச் சொல்லாமல் வைத்துக்கொள்வதற்குப் பொறுமையைக் காரணமாகக் காட்டுவது தோட்ட மக்களைப் பற்றிய சலித்துப்போன புகழ்ச்சி. உண்மையான காரணம் செக்ரோல் எனும் வருகை, கூலிப் பதிவேட்டில் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ வழங்கும் தற்காலிக இயலாமைப் படி, குறைந்தது நான்கு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கிடைத்தவருக்கே உரியது. முதல் நாள் நலமென்று வேலைக்குப் போய், இரண்டாம் நாள் வலித்து, ஒரு நாள் எம்.சி. வாங்கியவர் அதன் எல்லைக்குள் வருவதில்லை. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயண விபத்தையும் அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு வேலைக்காயமாக ஏற்கிறது. ஆனால் விபத்தை 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும், 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். காயமே இல்லை என்று அனைவரும் நம்பிய விபத்துக்கு இவ்விரு தாள்களும் பெரும்பாலும் உருவாவதில்லை. மூன்றாம் வாரம் தலைவலியோடு வருபவரின் குறிப்பேட்டில் மருத்துவர் ‘தலைவலி’ என்று மட்டும் எழுதினால், ஃபுல்லர் வழக்கின் மண்ணீரலைப் போலவே அந்தத் தலைவலியும் தனக்குத்தானே காரணமாகிவிடும். ‘இன்ன நாளில், இன்ன வண்டியில், இந்தப் பக்கமாக அமர்ந்திருந்தபோது’ என்ற ஒரு வரி சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் ஒருசேர உதவும். அதை எழுதுவது மருத்துவ உதவியாளரின் கடமைகளுள் ஒன்றாக விதிக்கப்படுதல் வேண்டும்.

இன்று கத்தரி பிடிப்போருள் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். 2019 ஜனவரி முதல் இவர்களும் சொக்சோவின் வேலைக்காயத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். ஒப்பந்தம் முடியும் மாதத்தில் வண்டியில் அடிபட்டவரின் மூளையுறையில் ரத்தம் சேர்ந்து முடிப்பதற்குள் அவர் ஊர் திரும்பியிருக்கலாம். அங்கே அவர் தள்ளாடத் தொடங்கும்போது பார்க்கும் மருத்துவரிடம் கேமரன் மலையைப் பற்றியோ லேண்ட் ரோவரைப் பற்றியோ சொல்ல ஆளிருக்காது. புறப்படும் நாளில் கையில் தரப்படும் தாள்களோடு, கடந்த மூன்று மாதத்தில் நேர்ந்த விபத்துகளின் பதிவு ஒன்றையும் அவரது மொழியில் சேர்த்துக் கொடுப்பதற்குத் தோட்ட அலுவலகத்துக்கு ஆகும் செலவு ஒரு தாளும் ஒரு முத்திரையுமே.