சுரங்கத்தில் ஒரு மொழி, செபத்தில் ஒரு மொழி

செவிலியர் படிப்பை முடித்து ஜெர்மனிக்குப் புறப்படவிருக்கும் பெண் ஒருவர், பங்குத்தந்தையின் கடிதம் வேண்டி அண்மையில் நம் பங்கு இல்லத்துக்கு வந்திருந்தார். நாம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கையில், மடியில் பாடநூலை வைத்துக்கொண்டு அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டோம். "எங்கே வலிக்கிறது? எப்போதிலிருந்து வலிக்கிறது?" என்பவற்றை ஜெர்மன் மொழியில் உருப்போடுகிறாராம். பிழைப்புக்காக ஜெர்மன் கற்கும் இந்தப் பாடு இன்று நேற்று தோன்றியதன்று. அதற்கு நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் திருச்சபைக்கும் ஓர் இடம் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மேற்கு ஜெர்மனியின் ரூர் ஆற்றுப் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகின. வேலைக்கு ஆள் போதவில்லை. பிரஷ்யாவின் கிழக்கு மாநிலங்களிலிருந்து போலந்து மொழி பேசும் மக்கள் தொடர்வண்டிகளில் வந்திறங்கினர். முதல் உலகப் போருக்கு முன் அவர்கள் தொகை மூன்று இலட்சத்தைத் தாண்டியிருந்தது. பெரும்பாலோர் கத்தோலிக்கர், பிரஷ்யக் குடிமக்கள். சட்டத்தின் முன் அவர்கள் அந்நியர் அல்லர், நாவினால் அந்நியர்.

1899 சனவரி 25ஆம் நாள் டோர்ட்முண்ட் நகரின் சுரங்கத்துறைத் தலைமை அலுவலகம் ஓர் ஆணை பிறப்பித்தது. மேலாளர் வாய்மொழியாக இடும் கட்டளையையும், உடன் உழைப்போர் சொல்வதையும் சரியாகப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஜெர்மன் தெரியாதவரை நிலத்துக்கடியில் வேலைக்கு அமர்த்தலாகாது என்றது அந்த ஆணை. பிறரை மேற்பார்க்கும் பொறுப்புக்கு வருவோர் ஜெர்மன் பேசவும் வாசிக்கவும் அறிந்திருக்க வேண்டும். இதில் நியாயமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். எரிவாயு கசியும் சுரங்கத்தில் "ஓடு" என்று ஒருவன் கத்தும்போது, அருகில் நிற்பவனுக்கு அது புரியாவிட்டால் இருவருக்கும் ஆபத்து. ஆயினும் போலந்துத் தொழிலாளர் இந்த ஆணையை ஐயத்தோடே பார்த்தனர். அதற்குக் காரணம் இருந்தது. அதே அரசுதான் கிழக்கே பள்ளிகளிலிருந்து அவர்களுடைய மொழியை விரட்டிக்கொண்டிருந்தது. 1901இல் விரெஷ்னியா என்னும் சிற்றூரில், மறைக்கல்வியை ஜெர்மன் மொழியில் படிக்க மறுத்த பிள்ளைகள் பிரம்படி பட்டனர். மண்டியிடும்போதும் தன் மொழிதான் வேண்டும் என்று கேட்கும் அரசு, உயிரைக் காக்கவே மொழி கேட்கிறேன் என்றால் யார் நம்புவார்?

ரூர் மக்கள் தங்கள் ஆயர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டது, தம் மொழியில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவையே. 1890இல் பொகும் நகருக்குக் கிழக்கிலிருந்து வந்த அருள்தந்தை பிரான்சிஷெக் லிஸ் அவர்களுக்காக 'வியாருஸ் போல்ஸ்கி' என்ற இதழைத் தொடங்கினார், சங்கங்களை ஊக்கினார். அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. 1894இல் அவர் அங்கிருந்து திரும்ப வேண்டியதாயிற்று. 1908இல் வந்த சங்கச் சட்டம் பொதுக்கூட்டங்களில் ஜெர்மனையே பேசவேண்டும் என்றது. பிறமொழியார் பத்தில் ஆறு பேருக்கு மேல் வாழ்ந்த மாவட்டங்களுக்கு மட்டும் விலக்கு. ரூர் பகுதி அந்த விலக்கில் சேரவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி நேர் எதிரான தவற்றைச் செய்தது. 1955இல் இத்தாலியோடும், 1960இல் ஸ்பெயின், கிரேக்கம் ஆகிய நாடுகளோடும், 1961இல் துருக்கியோடும், பின்னர் வேறு நாடுகளோடும் ஆள் திரட்டும் உடன்படிக்கைகள் செய்துகொண்டது. இம்முறை எவரிடமும் மொழி கேட்கவில்லை. விருந்தாளித் தொழிலாளி என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். விருந்தாளி என்றால் திரும்பிப் போகிறவர் அல்லவா? துருக்கியரோடு செய்த முதல் உடன்படிக்கை தங்கும் காலத்தை இரண்டே ஆண்டு என்று வரையறுத்தது. இரண்டாண்டில் போகப்போகிறவருக்கு இலக்கணம் எதற்கு என்று எண்ணினர். 1964இல் அந்த வரம்பு நீங்கிய பின்னும் எண்ணம் மாறவில்லை.

ஆகவே அவர்கள் கற்றது இயந்திரத்தின் அருகில் கேட்ட ஜெர்மன். மேஸ்திரி வினைச்சொற்களை முறிக்காமல் "நீ தூக்குதல், நீ வருதல்" என்பதுபோல் பேசுவார். தொழிலாளிக்கு அவ்வளவுதான் புரியும் என்பது அவர் நினைப்பு. தொழிலாளியோ அதுவே ஜெர்மன் என்று கற்றுக்கொள்வார். நம் மொழியைப் போலவே ஜெர்மனிலும் நீ, நீங்கள் உண்டு. நாள்முழுதும் 'நீ' என்றே அழைக்கப்பட்டவர் அலுவலகத்திலும் எழுத்தரை 'நீ' என்றால், மரியாதை தெரியாதவர் என்ற பழியும் அவர் தலையில்தான் விழும்.

1970களில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர் இத்தாலிய, ஸ்பானியத் தொழிலாளர் 48 பேரின் பேச்சை ஆராய்ந்தனர். அந்நாட்டில் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதைவிட, வேலை முடிந்தபின் ஜெர்மானியரோடு பழகினாரா என்பதே மொழித்திறனைப் பெரிதும் தீர்மானித்தது என்று கண்டனர். தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே தனி விடுதிகளில் அடைந்து வாழ்ந்தவர் எங்கே பழகுவார்? 1973 நவம்பரில் அரசு ஆள் திரட்டுவதை நிறுத்தியது. அயல்நாட்டுத் தொழிலாளருக்கு ஜெர்மன் கற்பிக்கும் வகுப்புகளை வளர்க்க மாயின்ஸ் நகரில் ஓர் அமைப்பு தோன்றியது அதற்கு அடுத்த ஆண்டில்! புதிதாய் வருவோர்க்கு 600 மணி நேர மொழிப் பாடம் சட்டப்படி உரிமையாகவும் சிலருக்குக் கடமையாகவும் ஆனது 2005 சனவரியில்தான். முதல் இத்தாலியர் வந்து அதற்குள் ஐம்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இவர்களிடையே 1960களில் கேரளத்திலிருந்து, திருச்சபையின் வழியாகவே, கத்தோலிக்க இளம்பெண்கள் பலர் செவிலியராகச் சென்றனர். நோயாளியின் படுக்கையருகே அரைகுறை மொழி செல்லாது. அவர்கள் மொழியைக் கற்றே ஆகவேண்டியிருந்தது. கற்றும் என்ன? 1970களின் பிற்பகுதியில் சில மாநிலங்கள் அவர்களுடைய அனுமதியை நீட்டிக்க மறுத்தன. பலர் திரும்பினர்.

இன்று செல்வோரிடம் விமானம் ஏறுமுன்னரே மொழித் தேர்வுச் சான்று கேட்கிறார்கள். முழுத் தகுதியுள்ள செவிலியராக ஏற்கப்பட, பொதுவாக பி2 என்னும் நிலையை எட்டவேண்டும். நம்மிடம் வந்த பெண் அதற்காகத்தான் இரவும் பகலும் உருப்போடுகிறார்.

கடிதத்தை மடித்துக் கொடுத்தோம். அங்கே பாவசங்கீர்த்தனத்துக்கு எந்த மொழியில் போவாய் அம்மா என்று விளையாட்டாகக் கேட்டோம். அவர் பாடநூலைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "நோய்க்கான சொற்களெல்லாம் இதில் இருக்கின்றன, ஃபாதர். பாவத்துக்கான சொற்கள்தான் இல்லை."