செபமாலை போட்ட கூலியாள்

கொட்டாஞ்சேனையில் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் "உன் அழைத்தல் என்ன?" என்று கேட்டால் நாங்கள் தலையைக் குனிவோம். இன்று கேட்டால் யோசப் வாஸ் அடிகளின் கதையைச் சொல்வேன்.

1651இல் கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் குருக்களை விரட்டியதால் இலங்கைக் கத்தோலிக்கர் குருவில்லாமல் தவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு வேறு நினைப்பில்லை. மேலிடமோ கன்னடக் கரைக்கு அனுப்பியது. அங்கேயும் போய் உழைத்தார். அதுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. நாங்களென்றால் முகத்தைத் தூக்கி வைத்திருப்போம்.

1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். கழுத்தில் செபமாலையோடு வாசல் வாசலாகப் பிச்சை கேட்டார். மாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறதோ, அது கத்தோலிக்க வீடு! கண்டியில் உளவாளியென்று சிறை. 1697இல் அம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைத் தன் கையால் பராமரித்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார், கோவாவுக்குத் திரும்பவேயில்லை.

2015 ஜனவரி 14, காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கியபோது வெயிலில் நானும் நின்றேன்.

அவர் பிறந்தது ஏப்ரல் 21. எங்கள் பக்கத்தில் அந்தத் திகதியை வேறொன்றுக்காகத்தான் நினைப்பார்கள்: 2019இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்ததும் அன்றுதான்.