வால்டாக்ஸ் ரோட்டில் வசூலாகாத வரி

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கத்தை ஒட்டி வடக்கே போகும் தெருவில் நின்று, 'வ.உ.சி. சாலை எங்கே இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். மீன்பாடி வண்டியில் பார்சல் மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பவர் ஒரு கணம் முழிப்பார். பிறகு, 'வால்டாக்ஸா? அதுலதான் நிக்கிறீங்க' என்பார். வால்டாக்ஸ் என்றால் சுவர் வரி. சுவரை இடித்து நெடுங்காலம் ஆகிறது. வரியோ வசூலானதே இல்லை. பேர் மட்டும் ஊர் வாயில் நிலைத்துவிட்டது.

1759 பிப்ரவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னை முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். நமக்கு அது சென்னைச் சண்டை. உலகக் கணக்கில் அது ஏழாண்டுப் போரின் ஒரு மூலை. அதே போரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அமெரிக்கக் காடுகளிலும் மோதினார்கள். 1763இல் போர் ஓய்ந்தபோது லண்டன் கஜானாவில் கடன்தான் மிச்சம். எல்லையைக் காத்தது குடியேறிகளுக்காகத்தானே, செலவில் அவர்களும் பங்கு கொடுக்கட்டும் என்று 1765இல் முத்திரை வரி போட்டார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் மடியில் கை வைப்பதா என்று பாஸ்டன் கொதித்தது. மறு வருஷமே வரியைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அந்தச் சூடு தணிவதற்குள் சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஓர் எல்லைப் போர் வந்து சேர்ந்தது. 1767இல் மைசூரின் ஹைதர் அலியோடு மோதல். மகன் திப்பு அப்போது மீசை அரும்பும் வயசுப் பையன். அவனோடு வந்த குதிரைப்படை, சென்னையின் புறத்தே இருந்த தோட்ட வீடுகளைச் சூறையாடிவிட்டுப் போனது. 1769இல் ஹைதரே வந்தார். கம்பெனிப் படையை எங்கோ அலையவிட்டு, குதிரைகளோடு விரைந்து பரங்கிமலைப் பக்கம் வந்து நின்றார். கவர்னர் பௌர்ஷியர் சமாதானத்துக்கு இறங்கினார். இனி யார் தாக்கினாலும் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்று ஒப்பந்தம் ஆனது. சேதி லண்டனை எட்டியதும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது.

கம்பெனியின் புனித ஜார்ஜ் கோட்டைக்குச் சுவர் உண்டு. வியாபாரிகளும் நெசவாளிகளும் துபாஷிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த கறுப்பர் பட்டணத்துக்குத்தான் உருப்படியான காப்பு இல்லை. அதனால் சுவர் எழுந்தது. வடக்கே கடலோரம் தொடங்கி இன்றைய பழைய ஜெயில் ரோடு வழியாக மேற்கே போய், அங்கே திரும்பி வால்டாக்ஸ் ரோடு நெடுகத் தெற்கே இறங்கியது. திருவொற்றியூர் வாசல், எண்ணூர் வாசல், யானை வாசல் என்று கதவுகள். யானைக்கவுனி என்ற பேர் அப்படி வந்ததுதான். மூலக்கொத்தளம் என்று வேகமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். மூலைக் கொத்தளம் என்று நிறுத்திச் சொன்னால் சுவர் திரும்பிய இடம் தெரிந்துவிடும். பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா என்று படியேறிப் போகிற ஓர் இடம் உண்டே, அது அந்தச் சுவரின் மிச்சம்.

இதைக் கட்டிய காண்டிராக்டர் பால் பென்ஃபீல்ட். கம்பெனியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே காண்டிராக்டும் எடுத்தவர், ஆர்க்காட்டு நவாப்புக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவர். 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இவரைக் கிழித்துத் தோரணம் கட்டினார். பத்து வருஷம் முன்னால், அமெரிக்கர்களோடு சமாதானமாகப் போங்கள் என்று அதே மன்றத்தில் வாதாடியவரும் இந்த பர்க்தான்.

சுவர் உங்களுக்காகத்தான், வரியை நீங்கள் கட்டுங்கள் என்றது கம்பெனி. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். இப்படி ஒரு வரி போடக் கம்பெனிக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வியும் எழுந்தது. வரி ஏட்டோடு நின்றுபோனது. இதை நம்மூர் பாஸ்டன் என்று ஊதிப் பெரிதாக்க எனக்கு மனமில்லை. யாரும் கலகம் செய்யவில்லை. ஆனால் லண்டன் அங்கே போட்ட அதே கணக்கைத்தான் கம்பெனி இங்கே போட்டது.

1773ஐயும் கவனியுங்கள். நொடித்துப்போன கம்பெனியைத் தூக்கி நிறுத்த லண்டன் கொண்டுவந்த தேயிலைச் சட்டத்தால், அந்த டிசம்பரில் கம்பெனித் தேயிலை பாஸ்டன் கடலில் மிதந்தது. அதே வருஷத்து ஒழுங்குமுறைச் சட்டம், போர், சமாதானம் இரண்டிலும் சென்னையைக் கல்கத்தாவுக்குக் கீழே வைத்தது. கோட்டைக்கும் பட்டணத்துக்கும் நடுவே வெட்டவெளி விட்டு, எல்லைத் தூண்கள் ஆறு நட்டதும் அந்த ஜனவரியில்தான். பாரிமுனை டேர் ஹவுஸ் மூலையில் ஒன்று இன்னும் நிற்கிறது.

ஹைதரோடு செய்த ஒப்பந்தம் என்ன ஆனது? மராட்டியர் தாக்கியபோது ஹைதர் உதவி கேட்டார். சென்னை கையை விரித்தது. அதை அவர் மறக்கவில்லை. 1780இல் கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படை அழிந்தது. காஞ்சிபுரத்தில் இருந்த இன்னொரு தளபதி மன்றோ, பீரங்கிகளைக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டு ஓடிவந்தார். கவர்னர் வொயிட்ஹில்லைக் கல்கத்தா பதவியிலிருந்து இறக்கியது. பிறகு கவர்னராக வந்த மெக்கார்ட்னிக்கும் தளபதி கூட்டுக்கும் ஆகவில்லை. கூட்டுக்குப் பின் வந்த ஸ்டூவர்ட்டைக் கைது செய்து கப்பலேற்றியே விட்டார் மெக்கார்ட்னி. 1784இல் மங்களூரில் திப்புவோடு சென்னை செய்த சமாதானம் கல்கத்தாவில் இருந்த கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸுக்குப் பிடிக்கவே இல்லை.

இங்கே இவர்கள் அடித்துக்கொண்டிருந்தபோது, 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலை மடக்கிப் பிடித்தது ஓர் அமெரிக்கக் கப்பல். அதன் பேர் 'ஹைதர் அலி'!

ஹைதரோடு நடந்த போரின் செலவு கடைசியில் யார் தலையில் விழுந்தது என்பதை ராயபுரத்தில் பார்க்கலாம். எரிந்த கிராமங்களிலிருந்து சனம் பட்டணத்தை நோக்கி வந்தது. கூடவே பஞ்சமும் வந்தது. வடக்குச் சுவருக்கு வெளியே, மணியக்காரர் சத்திரத்தில் தொட்டி தொட்டியாகக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். 1799இல் சத்திரத்தோடு ஒரு மருத்துவமனையும் சேர்ந்தது. அதுதான் வளர்ந்து ஸ்டான்லி ஆனது. ராயபுரத்துப் பெரியவர்கள் ஆட்டோவில் ஏறி 'ஸ்டான்லி' என்று சொல்ல மாட்டார்கள். 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்குப் போப்பா' என்பார்கள்.