வேலியோர மருந்தும் ஏட்டில் ஏறாத பெயர்களும்

வெள்ளிவிழா மலரொன்றில் கட்டடங்களின் வளர்ச்சியையும் தேர்ச்சி பெற்ற மாணவர்களின் தொகையையும் எடுத்துரைப்பது மரபு. அது வேண்டுவதே. ஆயினும், பள்ளிக்கூடத்தின் படியேற நம் முன்னோர்க்கு உரிமை மறுக்கப்பட்டிருந்த காலத்திலும் அவர்கள் அறிவற்றவர்களாய் வாழ்ந்துவிடவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. சேரியின் வேலியிலும் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் வளர்ந்த மரஞ்செடிகளே அவர்களுக்குப் பாடநூல்களாயின. அவ்வறிவு எத்தகையது, அதில் யார் பெயர் நின்றது, யார் பெயர் மறைந்தது என்பதை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

முதற்கண் அம்மரஞ்செடிகளை நோக்குவோம். நொச்சியிலையைக் கொதிநீரிலிட்டு வேது பிடித்து நீர்க்கோவையையும் தலைப்பாரத்தையும் தணித்தனர். அதே இலையைத் தானியக் குதிரில் இட்டுப் பூச்சி அண்டாமற் காத்தனர். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்க ஆமணக்கிலையை அனலில் வாட்டி மார்பில் கட்டினர். சொறி சிரங்குக்குப் புங்கெண்ணெய் பூசினர். ஆடும் தொடாத கசப்புடையது ஆடாதோடை. கோழை கட்டிய இருமலுக்கு அதன் இலைக் கசாயத்தைக் கொடுத்தனர். இவற்றை வெறும் பாட்டி வைத்தியம் என்று எள்ளி நகையாடுவோர் உளர். அவர்கள் ஒன்றை அறிதல் வேண்டும். ஆடாதோடையில் வாசிசின் என்னும் பொருள் உள்ளது. இன்று உலகெங்கும் கோழையை இளக்கும் மருந்தாக வழங்கும் புரோம்ஹெக்சின், அப்பொருளின் அமைப்பை அடியொற்றியே 1960களில் உருவாக்கப்பட்டது.

ஆவாரையோ நம் மக்களின் வாழ்வோடு இருவகையிற் பிணைந்த புதர்ச்செடி. அதன் பூ, நீரிழிவுக்கும் உடற்சூட்டுக்கும் குடிநீராயிற்று. அதன் பட்டையோ தென்னிந்தியத் தோல் தொழிலுக்கு நெடுங்காலம் உயிர்நாடியாய் விளங்கியது. வெளிநாட்டு வாட்டில் பட்டை வந்து அதன் இடத்தைப் பற்றும்வரை, ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளிலேயே நம் தோழர்கள் நின்று உழைத்தனர். பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து தோலின் புரதத்தைப் பற்றி இறுக்கி, அழுகாது காக்கிறது. அதே துவர்ப்பு வாய்ப்புண்ணைச் சுருக்கி ஆற்றும் என்பதால் அப்பட்டையின் கசாயத்தால் வாய் கொப்புளித்தனர். தொழிலும் மருத்துவமும் ஒரே கையில், ஒரே பட்டையில் விளைந்த அறிவு இது.

இவ்வறிவு எங்கிருந்து வந்தது? உழைப்பிலிருந்து வந்தது. வேலி கட்டியவர், விறகு வெட்டியவர், மாடு மேய்த்தவர், தோல் பதனிட்டவர் ஆகியோரே செடியின் வேரையும் பட்டையையும் நாள்தோறும் கையாண்டவர்கள். பல ஊர்களில் மருத்துவச்சியராய் விளங்கியவர் நம் பெண்கள். மற்ற நாளில் வாசற்படி மிதிக்கவும் விடாத வீடுகள், பேறுகாலத்தில் அவர்களை உள்ளே அழைத்தன. குழந்தை பிறந்ததும் தீட்டுக் கழித்து வெளியே அனுப்பின. அவர்தம் கையை நம்பின. அவரை மதிக்க மறுத்தன. நம்மவருள் ஏடு கற்றோரும் இல்லாமல் இல்லை. வள்ளுவர் குடியினர் சோதிடத்தோடு மருத்துவமும் பயின்று வந்தனர்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூறுதல் நம் கடன். பழைமை என்பதனாலேயே யாவும் நன்றாகிவிடா. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினர். நோயுற்ற வீட்டை ஊரார்க்கு அறிவிக்கும் அடையாளமாக அது பயன்பட்டது. ஆயினும் பெரியம்மையை ஒழித்தது வேப்பிலையன்று, அம்மைப்பாலே. 1977இல் நம் நாடு பெரியம்மையற்ற நாடாக அறிவிக்கப்பட்டது தடுப்பூசியின் வெற்றியாகும். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குப் புகட்டுவதால் உயிருக்கே ஊறு நேர்ந்ததும் உண்டு. அரளியும் எருக்கம்பாலும் நஞ்சுடையவை. மருத்துவமனை எட்டாத காலத்தில் நம் முன்னோர்க்கு வேலியோரத்தை விட்டால் வேறு வழியில்லை. அவ்வறுமையைப் பெருமையாகக் கொண்டாடுதல் தகாது. அவ்வறுமையிலும் அவர் வளர்த்த அறிவைப் போற்றுதல் தகும்.

இனி, இவ்வறிவு எழுத்தில் ஏறிய வரலாற்றுக்கு வருவோம். நமக்கு அண்டையிலுள்ள மலையாள நாட்டில், கொச்சியை ஆண்ட டச்சுக்காரரின் தலைவரான வான் ரீட், அந்நாட்டு மரஞ்செடிகளைப் பற்றி ஒரு பெருநூல் தொகுத்தார். ‘ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்’ என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக லத்தீன் மொழியில் வெளிவந்தது. அதற்குச் செடிகளின் பெயரையும் குணத்தையும் எடுத்துரைத்தவருள் தலைசிறந்தவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். ஈழவர் அந்நாளில் தீண்டாமைக்கும் அணுகாமைக்கும் ஆளாகியிருந்தனர். எனினும் 1675இல் அவர் தம் மொழியில், தம் கையால் எழுதிக் கொடுத்த சான்றுரை முதல் தொகுதியிலேயே அச்சாயிற்று. ஆதலால் மூன்றரை நூற்றாண்டுகள் கடந்தும் அவர் பெயரை எவராலும் அழிக்க இயலவில்லை. ஆனால் காடுமேடெல்லாம் அலைந்து இலையும் பூவும் கொணர்ந்து குவித்த எத்தனையோ பணியாளரின் பெயர்களை நாம் அறியோம். எழுதத் தெரிந்தவர் நின்றார். எழுதத் தெரியாதவர் மறைந்தார்.

தமிழ்நாட்டில் இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914). அவருடைய பாட்டனார் கந்தப்பன், வெள்ளைத்துரை ஒருவரிடம் சமையற்காரராய் இருந்தவர். அவர் பாதுகாத்த திருக்குறள் ஏட்டுச்சுவடிகள் எல்லிஸ் துரையிடம் சேர்ந்த செய்தியைப் பண்டிதரே எழுதியுள்ளார். பண்டிதர் சித்த மருத்துவத்தில் வல்லவர். இளமையில் தமக்கு நேர்ந்த உடற்கேட்டைத் தீர்த்தவர் அவரே என்று திரு.வி.க. நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார். மருந்து கொடுத்ததோடு பண்டிதர் அமைந்துவிடவில்லை. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் இதழைத் தொடங்கி, தம் மக்களின் வரலாற்றைத் தம் மக்களே எழுத வேண்டும் என்று காட்டினார். சென்னைத் தாம்பரத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இது நாம் அனைவரும் நெஞ்சுயர்த்திச் சொல்லத்தக்க செய்தியாகும்.

எழுத்தின் வலிமைக்கு அண்மைக் காலச் சான்று ஒன்றும் உண்டு. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதை அறியாத வீடு தமிழகத்தில் இல்லை. மஞ்சளால் புண்ணாற்றும் அம்முறைக்கே 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் வாய்மொழியாகவும் வழக்கமாகவும் நிலவும் அறிவு கணக்கில் வாராது. அச்சிட்ட சான்று வேண்டும். கோடிக்கணக்கான தாய்மாரின் கைப்பழக்கம் அங்கே செல்லாக்காசாயிற்று. நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு பழைய நூல்களிலிருந்தும் ஆய்விதழ்களிலிருந்தும் சான்றுகளைத் திரட்டி வாதிட்ட பின்னரே, 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தை அழிக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் வழங்கிய உரிமையும், நெடிய வழக்குக்குப் பின் 2000இல் நீக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 2005இல் அம்முடிவே உறுதியாயிற்று. இந்திய அரசும் ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களைத் தொகுத்து மரபறிவு மின்னூலகம் அமைத்தது. நன்று. ஆனால் அதில் இடம்பெறுவது நூலில் உள்ளதே. நூலேறாத நம் பாட்டிமாரின் அறிவுக்கு அங்கே இடமெது?

இவ்வினாவே நம் இளைஞர்முன் நாம் வைக்கும் வினா. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பன்மைச் சட்டத்தின் கீழ், ஊராட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்படுதல் வேண்டும். ஊரிலுள்ள மரஞ்செடிகளும் அவற்றைப் பற்றிய மக்களின் அறிவும் அதில் பதிவாகும். அப்பதிவேடு எழுதப்படும்போது ஊரின் ஒரு தெருவை மட்டும் கேட்டு முடித்துவிடாதபடி பார்த்துக்கொள்வது, கற்றுத் தேர்ந்த நம் பிள்ளைகளின் பொறுப்பு. எந்தச் செடி, எந்தப் பகுதி, எந்நோய்க்கு, எவ்வளவு, எதனுடன் சேர்த்து என்று கேளுங்கள். எது நஞ்சு என்றும் கேளுங்கள். கேட்டதை ஆய்வுக்கு உட்படுத்தாமல் மருந்தென்று நம்பிவிடாதீர். எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்னவர் விரும்பினால் அவர் பெயரையும் ஊரையும் அவர் சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள்.

கையெழுத்திட இயலாது பெருவிரல் பதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டம் பெற்று நிற்கின்றனர். கால் நூற்றாண்டாகக் கல்விச் சங்கம் ஒன்றைக் கட்டிக் காத்ததன் பயன் அப்பட்டத்தோடு நின்றுவிடலாகாது. எழுதுகோல் நம் கைக்கு வந்துவிட்டது. மருத்துவச்சியின் பெயரும் தோல் தொழிலாளியின் பெயரும் இனியேனும் ஏட்டில் ஏறுவதாக.