பன்னாட்டு நீர்ச் சட்டக் கல்வி

ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஓடும் ஆறுகளையும், எல்லையின் இருபுறமும் பரவிய ஏரிகளையும் நிலத்தடி நீரையும் நாடுகள் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதை ஆராயும் பல்கலைக்கழகத் துறை. சட்டத்தோடு நீரியலும் அரசறிவியலும் இதில் கலந்திருக்கின்றன.

19ஆம் நூற்றாண்டில் பன்னாட்டு ஆற்றுச் சட்டம் பெரும்பாலும் கப்பல் போக்குவரத்துச் சட்டமாகவே இருந்தது. 1815 வியன்னா மாநாட்டில் பிறந்த ரைன் ஆணையமும் அதற்காகவே ஏற்பட்டது. பாசனம் பெருகியதும் வழக்கின் தன்மை மாறியது. ரியோ கிராண்டே ஆற்று நீரை அமெரிக்கர்கள் மேலேயே எடுத்துவிடுகிறார்கள் என்று மெக்சிகோ முறையிட்டபோது, அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் ஜட்சன் ஹார்மன் 1895இல் ஒரு கருத்துரை எழுதினார். தன் எல்லைக்குள் ஓடும் நீரை ஒரு நாடு விருப்பம்போல் பயன்படுத்துவதைப் பன்னாட்டுச் சட்டம் தடுக்காது என்பது அதன் சாரம். அமெரிக்காவே அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. 1906 ஒப்பந்தத்தில் மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 60,000 ஏக்கர் அடி நீர் தர இசைந்தது. நடைமுறையில் தோற்ற இந்தக் கொள்கையைப் பாடநூல்கள் மட்டும் இன்றுவரை விடவில்லை.

லண்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எச். ஏ. ஸ்மித், பன்னாட்டு ஆறுகளின் பொருளாதாரப் பயன்பாடு பற்றி 1931இல் எழுதிய நூல் முன்னோடிகளுள் ஒன்று. ஆனால் கற்பிப்பதற்கென்று ஒரு விதித்தொகுப்பு கிடைத்தது 1966இல்தான். அவ்வாண்டு பன்னாட்டுச் சட்டச் சங்கம் வெளியிட்ட ஹெல்சிங்கி விதிகள், நியாயமான பங்கீட்டை மையக் கோட்பாடாக்கின. சங்கம் அரசு அமைப்பன்று, எழுதியவர்கள் அறிஞர்கள். கற்பிப்பவரே சட்டத்தையும் வரையும் இவ்வழக்கம் இத்துறையின் தனி அடையாளம். ஐ.நா.வின் சட்ட ஆணையம் தயாரித்த நீர்வழி வரைவுக்குச் சிறப்பு அறிக்கையாளர்களாக இருந்தவர்களுள் ஸ்டீபன் மெக்காஃப்ரி, கலிஃபோர்னியாவின் மெக்ஜார்ஜ் சட்டப் பள்ளியில் பேராசிரியர். அவ்வரைவு 1997இல் ஐ.நா. உடன்படிக்கையானது. 2001இல் அவர் வெளியிட்ட பெருநூல் துறையின் முதன்மைப் பாடநூல்களுள் ஒன்று.

தனிப் பட்டப் படிப்பாக இது உருப்பெற்ற இடங்களுள் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம் முக்கியமானது. அங்கே பட்ரீசியா வூட்டர்ஸ் உருவாக்கிய நீர்ச் சட்ட மையம் யுனெஸ்கோவின் ஆதரவைப் பெற்றது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் புவியியலாளர் ஆரன் உல்ஃப், எல்லை கடந்த நீர்த் தகராறுகளையும் ஒப்பந்தங்களையும் ஒரு தரவுத்தளமாகத் திரட்டினார். 'தண்ணீருக்காகப் போர்' என்ற பேச்சுக்கு அது தந்த பதில் சுவையானது: நாடுகள் நீருக்காக மோதியதைவிட உடன்பட்டதே அதிகம். ஜெனீவாவிலும் நெதர்லாந்தின் டெல்ஃப்டிலும் இத்துறைக்குக் கல்வி மையங்கள் உள்ளன.

வகுப்பறையின் மூலப்பொருள் வழக்குகள். லானூ ஏரி வழக்கில் (1957), பிரான்ஸ் தன் ஏரி நீரை மின்சாரத்துக்காகத் திருப்பிவிட்டு, அதே அளவை மீண்டும் ஆற்றில் சேர்க்க முன்வந்தது. ஸ்பெயினின் சம்மதம் தேவையில்லை, ஆனால் அதன் நலன்களைக் கருதிப் பேச வேண்டும் என்றது நடுவர் மன்றம். டான்யூப் அணை தொடர்பான ஹங்கேரி – ஸ்லோவாக்கியா வழக்கில் (1997) தி ஹேக்கிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகள் நேரில் போய் ஆற்றைப் பார்த்தார்கள். அந்நீதிமன்ற வரலாற்றில் அது முதல்முறை.

தமிழ் மாணவருக்கு இத்துறை தொலைவானதன்று. காவிரி மாநிலங்களுக்கு இடையேயான வழக்கே எனினும், உச்ச நீதிமன்றம் 2018 தீர்ப்பில் ஹெல்சிங்கி விதிகளை எடுத்தாண்டது. 1997 உடன்படிக்கை மீதான ஐ.நா. வாக்கெடுப்பில் இந்தியா நடுநிலை வகித்தது. 2014இல் நடைமுறைக்கு வந்தபோதும் அதில் சேரவில்லை.