சுவிஸில் மருத்துவக் காப்புறுதி வந்த வரலாறு

அட்லிஸ்வில் முருகன் கோயிலடியில் நாலு பேர் கூடினால் கதை கடைசியில் கிராங்கன்காசையில்தான் வந்து நிற்கும். "வருத்தம் இல்லாத நான் ஏன் மாதாமாதம் காசு கட்டவேணும்?" என்று என்னட்டைக் கேட்காத ஆளில்லை. நியாயமான கேள்விதான். ஊரில் பெரியாஸ்பத்திரியை அரசாங்கம் வரிப்பணத்தில் நடத்துகிறது. வாட்டில் படுத்தாலும் காசு கேட்க மாட்டினம். சுவிஸ் வேறு வழியில் வந்த நாடு.

1890இல் நோய், விபத்துக் காப்புறுதிக்குச் சட்டமியற்றும் அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடைத்தது. முதற் சட்டத்தை 1900ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் மக்கள் நிராகரித்தார்கள். 1911இல் நிறைவேறிய அடுத்த சட்டம் 1912 வாக்கெடுப்பில் வென்றது. அதன்படி அரசு காப்புறுதிச் சங்கங்களுக்கு மானியம் கொடுத்தது. ஆனால் நாடு முழுவதற்கும் கட்டாயமில்லை. வயதுபோய்ச் சேர்ந்தவர்களுக்குக் கட்டுப்பணம் கூட. பெண்களுக்கும் ஆண்களைவிடக் கூட அறவிடலாம். முதலே இருந்த வருத்தத்துக்கு ஐந்து வருடம்வரை பணம் தர மறுக்கலாம். அரசின் மானியம் பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரேமாதிரிப் போனது.

இதை மாற்றியது ரூத் டிரைபுஸ் அம்மையார் அமைச்சராக இருந்தபோது வந்த புதிய சட்டம். 1994 டிசம்பர் 4ஆம் திகதி ஏறக்குறைய 52 வீத வாக்குகளால் மட்டும் தப்பி, 1996 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. இங்கு வசிக்கிற எல்லோருக்கும் அடிப்படைக் காப்புறுதி கட்டாயமானது. வருத்தக்காரர் என்று எந்தக் காசையும் அதில் சேர்க்க மறுக்க முடியாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கட்டுப்பணம்.

ஆனால் வங்கி முதலாளிக்கும் றெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறவருக்கும் ஒரே தொகை என்றால் ஏழை எப்படிக் கட்டுவது? அதற்காகத்தான் அதே சட்டம், மானியத்தைச் சங்கங்களுக்குக் கொடுப்பதை விட்டு, வருமானம் குறைந்தவர்களின் கட்டுப்பணத்தைக் குறைக்கக் கொடுக்கச் சொன்னது. 2008 முதல் அடிப்படைக் காப்புறுதியின் மொத்தச் செலவில் 7.5 வீதத்தை மத்திய அரசு மாநிலங்களுக்கு இதற்கென ஒதுக்குகிறது. மாநிலங்களும் தங்கள் பங்கைப் போடுகின்றன. சூரிச் மாநிலத்தில் இதைப் பார்ப்பது எஸ்.வி.ஏ. சூரிச். 2014இலிருந்து பணம் எங்கள் கைக்கு வராமல் நேரே காசைக்குப் போய், பில்லில் கழிபடுகிறது. குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களில் பிள்ளைகளின் கட்டுப்பணத்தில் ஆகக்குறைந்தது 80 வீதமும், படிக்கிற இளம் வயதினருக்கு 50 வீதமும் குறைக்கவேண்டும் என்பது சட்டம்.

இவ்வளவு இருந்தும் எங்கட ஆட்களில் கனபேர் விண்ணப்பிப்பதில்லை. "சோசியல் காசு எடுத்தால் விசாவுக்குப் பிரச்சினை" என்ற பயம். இது சோசியல் காசு அல்ல. உரிமையுள்ள தொகையைத் திருப்பிக் கட்டவேண்டியதில்லை; கணக்குக்குக் கூடுதலாகக் கிடைத்திருந்தால் அதை மட்டும் திருப்பிக் கட்டவேண்டும். எல்லோரும் கட்டுவதைக் கட்டாயமாக்கிய சட்டமே, கட்ட இயலாதவருக்குக் கொடுத்த உரிமை. படிவம் வந்தால் குப்பையில் போடாதீர்கள். வராவிட்டால் எஸ்.வி.ஏ.யிடம் கேட்டு எடுங்கள். மொழி விளங்காத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் நிரப்பிக் கொடுங்கள்.